சூட்டு வலி என்று சொன்ன ராத்திரி

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போனபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா அடுப்பில் சீரகம் வறுத்துக்கொண்டிருந்தார். "சூட்டு வலிதான் நர்சம்மா. கஷாயம் குடிச்சா அடங்கிடும்."

சீயமங்கலம், தேசூர் பக்கத்து ஊர்களில் இருபத்தாறு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். சீரகக் கஷாயத்தை நான் ஒருநாளும் பழித்ததில்லை. சூட்டு வலியானால் அடங்கும், பிரசவ வலியானால் கூடும் என்று நம் பாட்டிகள் பார்த்துவைத்த கணக்கு அது. மாதம் நிறைந்தவள் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். இவளுக்கு 31 வாரம். வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். கல்லு மாதிரி இறுகி, மெல்லத் தளர்ந்தது. ஏழு நிமிடத்தில் மறுபடி இறுகியது. மூன்றாவது தடவை இறுகியதும் 108-ஐக் கூப்பிடச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மட்டும் வலியை நிறுத்திடுவாங்களா?" என்றார் அவள் அப்பா.

நியாயமான கேள்வி. பல நேரம் நிறுத்த முடியாதுதான். நிஃபெடிபின் போன்ற மாத்திரைகள் பிரசவத்தை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போடும், அவ்வளவே. அந்த இரண்டு நாளுக்காகத்தான் இத்தனை ஓட்டமும். 34 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சு போதுமான அளவு ஊறியிருக்காது. தாய்க்கு டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி போட்டால் அது சீக்கிரம் ஊறும். 1972-இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் காட்டிய வழி இது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் சோதித்து, இந்த ஊசியால் பச்சிளங்குழந்தைகளின் சாவு குறைகிறது என்று 2020-இல் சொன்னது.

ஆனால் ஊசி மட்டும் போதாது. பிறந்ததும் மூச்சுக்கு உதவவும், சூடு காக்கவும் வசதியுள்ள இடத்தில் பிறக்க வேண்டும். அதனால்தான் திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரிக்கோ முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கோ குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கொண்டுபோகச் சொல்வேன். எங்கோ பெற்றுவிட்டு, கையளவு பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுவது கொடுமை.

அவளுக்கு மூன்றாம் நாள் பிறந்தது. 1 கிலோ 420 கிராம். துணி இல்லாத வெற்று நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கங்காரு முறை என்பார்கள். அந்தச் சூட்டிலேயே குழந்தை எடை ஏறியது.

"ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்பார்கள் எங்கள் பக்கம். முழுத் தப்பு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

இன்னொருத்திக்கு 33-வது வாரத்தில் வலி வந்து தானாக அடங்கிவிட்டது. கருப்பை வாய் திறக்கவில்லை என்று பார்த்து, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமியார் அவளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. பாசம்தான், ஆனால் படுத்தே கிடந்தால் குறைப்பிரசவம் தடைபடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். வலி நின்று, டாக்டரும் சரி என்றால் வீடு நல்ல இடம்தான். ராத்திரியில் வண்டி கிடைக்காத வீடாக இருந்தால் மட்டும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கச் சொல்வேன்.

அவளை எழுப்பி நடமாடவிட்டேன். பாரம் தூக்காதே, மறுபடி இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே என்றேன். மாமியார் கரித்துண்டு எடுத்துவந்து, ஆட்டோக்காரர் நம்பரைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதிவைத்தார். தாய்சேய் அட்டையை அங்கேயே ஓர் ஆணியில் மாட்டினார்.

36-வது வாரம் ஒரு மத்தியானம் நீர் உடைந்தது. அட்டை ஆணியில்தான் இருந்தது.