திவலை உலர, கோவை மடிய: காடிக்கோவையும் கணினிப் போன்மமும்

அமினோக் காடிகள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பிணைந்து அமையும் குறுந்தொடரைப் பெப்டைடு என்பர். கோக்கப்பட்டமையே அதன் இயல்பாதலின் அதனைக் ‘காடிக்கோவை’ என்றே இக்கட்டுரை வழங்கும். பிணைப்பு எதுவும் அறாமல், பிணைப்புகளைச் சுற்றிய முறுக்கத்தால் மட்டும் கோவை கொள்ளும் வடிவம் ‘மடிநிலை’ எனப்படும். ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள இரு முறுக்கக் கோணங்களை அறிந்தால் கோவையின் முதன்மை இழை செல்லும் போக்கை அறியலாம் என்பதையும், அணுக்கள் ஒன்றையொன்று முட்டாத சில கோண இணைகளே அங்கு இயலும் என்பதையும், 1963ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் இராமகிருட்டிணனும் சசிசேகரனும் வரைபடமாக நிறுவிக் காட்டினர். மடிநிலை பற்றிப் பேசுவோர் எந்நாட்டினராயினும் அவ்வரைபடத்தைத் தொட்டே பேசுகின்றனர் என்பது நமக்குப் பெருமை. எம்மடிப்புகள் இயலும் என்பதை அது சொல்லும். இயல்வனவற்றுள் எது நிகழும் என்பதிலோ, சூழ்ந்திருக்கும் நீருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நீர் சிறிது சிறிதாக நீங்கினால் கோவை என்னாகும் என்பதே நம் ஆய்வுப்பொருள்.

நீரை நீக்கும் முறைக்கு மின்தெளிப்பு என்று பெயர். கோவை கரைந்த நீர்மத்தை மயிரிழை போன்ற துளையுடைய குழலின் நுனிக்குச் செலுத்தி, ஆயிரக்கணக்கான வோல்ட்டு மின்னழுத்தம் ஊட்டினால், நீர்மம் கூம்பாக நீண்டு, மின்னூட்டம் ஏறிய நுண்திவலைகளாகச் சிதறும். திவலையை உருண்டையாகப் பிடித்து வைப்பது பரப்பு இழுவிசை. அதனைப் பிளக்க முனைவது ஒத்த மின்னூட்டங்களின் விலக்குவிசை. இவ்விரண்டும் ஈடாகும் வரம்பை இரேலி பெருமகனார் 1882இல் கணக்கிட்டார். அக்கணக்கின்படி, ஒரு மைக்ரோமீட்டர் ஆரையுள்ள நீர்த்திவலை ஏறத்தாழ 1,25,000 அடிப்படை மின்னூட்டங்களைத் தாங்கும். 5 நானோமீட்டர் ஆரையுள்ளது 44ஐயும், 2.5 நானோமீட்டர் ஆரையுள்ளது 15ஐயுமே தாங்கும். நீர் ஆவியாகும், மின்னூட்டமோ உள்ளேயே தங்கும். எனவே சுருங்கும் திவலை வரம்பை எட்டும்போதெல்லாம், மின்னூட்டம் மிக்க சிறுதிவலைகளை உமிழ்ந்து நிலைபெறும். பெரிய உயிர்மூலக்கூறுகளைச் சிதைக்காமல் நிறுப்பதற்கு இம்முறையை வளர்த்த ஃபென் என்பார், 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இறுதித் திவலையிலிருந்து கோவை வெளிப்படும் வழிகளை மூன்றாக வகுப்பர். நீர் முற்றும் நீங்க, எஞ்சிய மின்னூட்டம் கோவைமேல் படிவது எச்சவழி. இதனை முன்மொழிந்தவர் தோல், ஆண்டு 1968. திவலைப் பரப்பின் வலிய மின்புலத்தால் சிறிய மின்துகள் தானே எழுந்து பறப்பது எழுவழி. இதனை 1976இல் இரிபார்னும் தாம்சனும் விளக்கினர். மடிப்பு அவிழ்ந்த நெடுங்கோவை ஒரு முனை தொடங்கிச் சிறிது சிறிதாக வெளித்தள்ளப்படுவது உமிழ்வழி. வகைப்பாடு தெளிவானதே. ஆயினும் குறிப்பிட்ட ஒரு கோவை எவ்வழியே செல்லும், செல்லும்போது எங்ஙனம் மடியும் என்பதை அறியத் திவலையின் உள்ளேயே நோக்க வேண்டும். அந்நோக்கைத் தருவது கணினி.

இயற்கையில் நிகழும் ஒன்றை, அதே நெறிகளின்படி எண்களின் உலகில் மீண்டும் நிகழச் செய்வது போன்மம். ‘போல்’ என்னும் உவம உருபின் அடியாகப் பிறந்த சொல் இது. பாவனை என்றால் நடிப்பு தோன்றும். உருவகம் என்றால் அணியிலக்கணம் தோன்றும். ஒத்த நெறியும் ஒத்த இயக்கமும் மட்டுமே உள்ள இச்செயலுக்குப் போன்மமே பொருந்தும். இதில் ஒவ்வோர் அணுவும் ஓர் உருண்டை. பிணைப்பு ஒவ்வொன்றும் ஒரு வில்சுருள். எல்லா விசைகளையும் கூட்டி, நியூட்டனின் இயக்க நெறிப்படி அணுக்களைச் சிறிதே நகர்த்தி, மீண்டும் விசைகளைக் கூட்ட வேண்டும். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்கே ஓர் அடிவைப்பு. ஆகவே நூறு நானோநொடி நிகழ்ச்சிக்கு ஐந்து கோடி அடிவைப்புகள் வேண்டும். 1964இல், ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் இரகுமான், அமெரிக்காவில் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு நீர்ம இயக்கத்தைப் போன்மித்தார். 2.5 நானோமீட்டர் ஆரையுள்ள திவலையிலோ நீர்மூலக்கூறுகளே ஏறத்தாழ 2,200 உண்டு.

திவலைக்கெனத் தனி நெறிகளும் உண்டு. சுற்றிலும் வெற்றிடமாதலின் தொலைவிலுள்ள மின்னூட்டங்களின் விசையையும் விடாது கணக்கிட வேண்டும். பிரிந்து சென்ற நீரை அவ்வப்போது கணக்கினின்று அகற்ற வேண்டும். பிரியும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் திவலை குளிரும், எனவே வெப்பத்தை ஈடுசெய்ய வேண்டும். இவற்றினும் கடியது புரோட்டானாகிய நேர்மின்னியின் போக்கு. மெய்யான நீரில் அது மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவும். வழக்கமான போன்மத்திலோ தொடக்கத்தில் வைத்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும். ஆதலால் சில ஆய்வாளர் இயக்கத்தை இடையிடையே நிறுத்தி, நேர்மின்னிக்கு ஏற்ற இருக்கையைக் கணக்கிட்டு, இடம் மாற்றி, மீண்டும் இயக்குகின்றனர்.

எடுத்துக்காட்டாக ஒரு கோவையைக் காண்போம். நரம்புகளில் செய்தி கடத்தும் ‘பி-பொருள்’ பதினொரு காடிகளாலான கோவை. அதன் மூன்று நேர்மின்னூட்டங்கள் தலைமுனையிலும், முதற்காடியாகிய ஆர்கினினிலும், மூன்றாம் காடியாகிய இலைசினிலும் நெருங்கி நிற்கின்றன. நீர் மின்விசையை ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகத் தணிப்பதால் அந்நெருக்கம் அங்கே தீங்கற்றது. நீர் நீங்கியதும் விலக்குவிசை ஓங்க, கோவை நீண்டுவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆயினும் டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் இரசல் குழுவினர் 2013இல் குளிரூட்டிய கருவியில் நீர்மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணி நோக்கியபோது, உலர்ந்த கோவை சுருங்கியே இருந்தது. 2017இல் அதனைத் திவலைப் போன்மத்தாலும் தொடர்ந்து ஆராய்ந்தனர். நீர் விட்டுச்சென்ற இடங்களில் கோவையின் சொந்த உறுப்புகளே, சிறப்பாகக் குளூட்டமின் கிளைகள், வளைந்து வந்து மின்னூட்டங்களைச் சூழ்ந்து கொள்கின்றன. இது வெற்றிடத்துக்கு உரிய மடிநிலையன்று. உலர்ந்த வழியில் அகப்பட்டு நின்ற மடிநிலை. சிறிது வெப்பம் ஊட்டியதும் கிளைகள் பிடி தளர, கோவை நீண்டுவிடுகிறது.