நாய்க்கு எந்த எலும்பு போடலாம்?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பல வீடுகளில் கறிக்குழம்பு மணக்கும். சாப்பிட்டு முடித்ததும் தட்டில் கிடக்கிற எலும்பையெல்லாம் வழித்து நாய்க்குப் போட்டு விடுவார்கள். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு கடக் முடக்கென்று கடித்துத் தின்னும். பார்க்கிற நமக்கும் மனசு நிறைந்து போகும்.

சகோதரிகளே, அந்த வெந்த எலும்புதான் நாய்க்கு எமன். வேகும்போது எலும்பில் இருக்கிற ஈரமும் பசையும் குழம்பில் இறங்கி விடுகிறது. அப்புறம் கடித்தால் ஊசி ஊசியாய்ச் சிதறும். தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். கோழி எலும்பு இன்னும் மோசம். போதாக்குறைக்கு அதில் ஒட்டியிருக்கிற வெங்காயம், பூண்டும் நாய்க்கு ஆகாது. ரத்தத்தைக் கெடுத்து விடும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஆசையாய் வளர்த்த நாய், இரண்டு நாளாக வாந்தி எடுத்து, வெளிக்குப் போக முடியாமல் முக்கி முனகிக் கிடந்தது. அஜீரணமாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, குடலில் எலும்பு குத்தி சீழ் வைத்து விட்டது என்றார்கள். பிழைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் சரியாகச் சோறு தின்னவில்லை.

"அந்தக் காலத்து நாயெல்லாம் இதைத் தின்னுதானே வளர்ந்துச்சு?" என்பார் என் மாமியார். தெரு நாய் செத்தால் எதனால் செத்தது என்று யார் அத்தை பார்த்தார்கள்?

எலும்பு போட்டே ஆகணும் என்றால் பச்சை எலும்புதான். அது வெந்தது மாதிரி சிலும்பாய் உடையாது. ஆனால் அதிலும் பார்த்து வாங்க வேண்டும். கறிக்கடையில் "நாய்க்கு" என்று கேட்டால், கட்டையில் கொத்திக் கழித்த சில்லெலும்பை அள்ளிப் பையில் போட்டு விடுவார்கள். கொத்தின எலும்பின் முனை கத்தி மாதிரி இருக்கும். அப்படியே விழுங்கினால் அடைத்துக் கொள்ளும். நாயின் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில், கொஞ்சம் சதையோடு, ஆட்டுக் கழுத்தெலும்பை வெட்டாமல் கேளுங்கள். மாட்டுத் தொடை எலும்பு வேண்டாம், பல் உடைந்து விடும். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சம்கூடப் பதியாதது நாய்ப் பல்லுக்கும் ஆகாது. நல்லியை வளையமாக நறுக்கியதும் கூடாது. கீழ்த் தாடையில் வளையல் மாதிரி மாட்டிக் கொள்ளும்.

எலும்போடு பச்சை ஈரல், நுரையீரல் கொடுத்தால் வாங்காதீர்கள். இதைப் பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டு ஈரலில் சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் வயிற்றில் நாடாப்புழு வளர்ந்து, முட்டை மலத்தில் வரும், மயிரிலும் ஒட்டும். நாயைத் தடவின கையைக் குழந்தை வாயில் வைத்தால், அதன் ஈரலிலும் நீர்க்கட்டி வந்து விடும். நாய்க்குப் பூச்சி மருந்தை டாக்டரிடம் கேட்டுத் தவறாமல் கொடுங்கள். பச்சை எலும்பைத் தொட்ட கை, கழுவின இடம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிரிட்ஜில் உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், சாகாது.

கடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கால் மணி நேரம் போதும், பிறகு எடுத்து விட வேண்டியதுதான். காய்ந்த எலும்பை மறுநாள் போடாதீர்கள், அதுவும் வெந்தது மாதிரிதான் நொறுங்கும். அவக் அவக்கென்று விழுங்குகிற நாய், குட்டி, கிழட்டு நாய் இவற்றுக்கு எலும்பே வேண்டாம். அமெரிக்காவில் உணவு, மருந்துகளைக் கவனிக்கிற அரசுத் துறை 2010-ல் எந்த எலும்பும் நாய்க்கு ஆபத்து என்றே எச்சரித்தது. எங்கள் வீட்டு நாய் மாதம் இரண்டு முறை எலும்பு, மற்ற நாளெல்லாம் தயிர்ச்சோறு என்று ஓடுகிறது.

எச்சில் ஒழுகினாலோ, வாயைக் காலால் பிறாண்டினாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஓமத் தண்ணீரோடு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.