முற்றத்துக்கு அடியில் இருக்கும் கணக்கு

வீட்டு முற்றத்தில் கல் பதிப்பது, சரிவில் தாங்குசுவர் கட்டுவது, மழைநீர் வடிகால் அமைப்பது, செடி கொடி நடுவது ஆகியவற்றைச் சிறு ஒப்பந்தமாக எடுத்துச் செய்யலாமா என்று கொத்து வேலை அறிந்த நம் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். ரயில்வேயில் பாதைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, மகனுடன் திக்லிபூருக்கு வந்தபின் சில ஆண்டுகள் இத்தொழிலை நடத்தினேன். (ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை!) அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தண்டவாளத்தின் கீழ் ஜல்லி பரப்புவதன் முக்கியக் காரணங்களில் ஒன்று தண்ணீர் தேங்காமல் வடிவது. முற்றத்துக்கும் அதுவே விதி. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே 50 அடி நீளத்துக்கு ஓரடியாவது வாட்டம் வேண்டும். அடியில் ஜல்லியைத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வாடிக்கையாளர் பார்ப்பது மேலே உள்ள பேவர் கல்லின் நிறத்தை. ஒப்பந்தக்காரர் பணத்தை இழப்பது அதற்குக் கீழே.

என் முதல் வேலையிலேயே இழந்தேன். 60 சதுர மீட்டர் முற்றம், 10 சென்டிமீட்டர் ஜல்லி, ஆக 6 கன மீட்டர் என்று கணக்கிட்டேன். இறுக்கினால் ஜல்லி அமுங்கும் என்பதைத் தாளில் எழுத மறந்தேன். ஏறக்குறைய 8 கன மீட்டர் தேவைப்பட்டது. கூடுதல் லாரிக் கூலிக்கு மனமில்லாமல் ஒரு மூலையில் கனத்தைக் குறைத்தேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் அந்த மூலை தாழ்ந்து குளமாயிற்று. என் செலவில் பெயர்த்துப் பதித்ததில் லாபம் முழுவதும் போயிற்று. முப்பது ஆண்டுகள் பாதை பார்த்தவனுக்கு இது வெட்கம்தான்.

தாங்குசுவரில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரச் சுவரின் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அந்தத் தண்ணீர் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாவது 3 அங்குலக் குழாய் விட்டால் தண்ணீர் வெளியேறிவிடும். குழாய்க்கு ஆகும் செலவு அற்பம். 2002 செப்டம்பரில் திக்லிபூர் அருகேயும், 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலிலும் வந்த பூகம்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டரைத் தாண்டும் சுவருக்குப் பொறியாளர் வரைபடம் இல்லாமல் கைவைக்காதீர்கள்.

மணல் விஷயம் தனிக்கதை. தீவுகளில் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. கடற்கரை மணலில் உப்பும் உண்டு. கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பேவர் கல்லின் கீழ், பொடி நீக்கிச் சலித்த கல்தூளே போதும்.

கொட்டேஷன் எழுதும்போது 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். மண் வெட்டுதல், ஜல்லி, வடிகால், கல், செடி என ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். பக்கத்துக்காரர் குறைவாகச் சொல்கிறார் என்று பேரம் வரும்போது, அவர் தாளில் எந்த வரி இல்லை என்று வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார். மூடுவதற்கு முன் ஜல்லியையும் குழாயையும் படம் எடுத்து வைப்பதும் நல்லது. சிமென்ட் கப்பலில் வருவதால் விலைக்குக் கெடு தேதி போடுங்கள். பொருளுக்கு உரிய தொகையை அட்வான்ஸாக வாங்காமல் ஆள் இறக்காதீர்கள்.

தோண்டும் வேலையை ஜனவரி முதல் ஏப்ரல் வரை வைத்துக்கொண்டு, மே மாத மழையில் செடி நடலாம். சரிவுக்கு வெட்டிவேரைப் போல் மண்ணைப் பிடிப்பது வேறில்லை.

கடைசிப் பத்து சதவீதத்தை நான் ஒரு பெருமழைக்குப் பிறகே வாங்குவேன். மழை கொட்டும்போதே குடையுடன் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வீட்டுக்காரருடன் நின்று பார்ப்பேன். பல வீடுகளில் காபியும் கிடைத்தது. அடுத்த வேலைக்கு விலாசமும் கிடைத்தது.