கறுவாத்தோட்டத்து விலாசமும் நமது வருமானமும்

"கொழும்பில் ஒரு வீடு எடுக்க வேண்டும்" என்ற பேச்சு நமது ஊர்களில் இப்போது அதிகம் கேட்கிறது. பிள்ளைகளின் படிப்பு, தொழில், திருமண சம்பந்தம் என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கறுவாத்தோட்டம், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில் வீட்டின் விலை எப்படி ஏறுகிறது, வாங்கிய பின்னர் மாதாந்தம் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

முதலாவது காணி. ஊரில் நாம் ஏக்கரில் பேசுகிறோம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். கொழும்பு 7இலோ ஒரு பேர்ச்சே ஒரு கோடி ரூபாவுக்கு மேல் பேசப்படுகிறது. ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி, அதாவது ஒரு பெரிய அறையின் அளவு. தூதரகங்களும் முன்னணிப் பாடசாலைகளும் அங்கேயே இருப்பதால் கேட்போர் கூடுகின்றனர், காணி கூடுவதில்லை.

இரண்டாவது டொலர். வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்திய 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், தொடர்மாடிகளின் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளை, முழுத் தொகையையும் வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தி வாங்க அவர்களுக்கு இடமளித்தது. ஆடம்பரத் தொடர்மாடிகள் பல டொலரிலேயே விலை பேசப்படுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்குச் சென்றது. இரண்டு இலட்சம் டொலர் வீடு ஒன்று 4 கோடியிலிருந்து 7 கோடியே 20 இலட்சமானது. வீட்டில் ஒரு கல் கூடவில்லை, நமது சம்பளமும் அந்த அளவுக்குக் கூடவில்லை.

மூன்றாவதைத்தான் அதிகமானோர் மறந்து விடுகின்றனர். அது மாதாந்தச் செலவு. லிப்ட், ஜெனரேட்டர், காவலாளி, நீச்சல் தடாகம் எல்லாவற்றுக்குமான பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் அறவிடப்படுகிறது. சதுர அடிக்கு 30 ரூபா என்று வைத்துக்கொண்டால் 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 36,000 ரூபா. நீங்கள் நீச்சல் தடாகத்தில் கால் வைக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். ஏசி போட்டால் மின்சாரம் மாதம் 180 அலகைத் தாண்டி, ஆகக் கூடிய கட்டணப் பிரிவுக்குள் போய்விடும்.

இதற்கு மேல், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு செலவும் உண்டு. அயல் வீட்டுப் பிள்ளை சர்வதேசப் பாடசாலைக்குப் போனால் நம் பிள்ளையும் போக வேண்டும். அவர்கள் ஹோட்டலில் வலீமா வைத்தால் நாமும் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊரில் வயற்காணியை விற்றுக் கொழும்பில் வீடு வாங்கியது. முன்பு வயல் நெல் தந்தது. இப்போது வீடு பில் தருகிறது. உம்மாவின் நகை அடகில் இருக்கிறது.

கொழும்புக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்புக்காகப் போகும் குடும்பங்களுக்குத் தெஹிவளையில் ஒரு சாதாரண வாடகை வீடு போதுமானதாக இருக்கலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால், முற்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் கடந்த ஆறு மாதப் பராமரிப்பு, மின்சார, நீர்க் கட்டணப் பில்களைக் கேளுங்கள். அவற்றோடு பாடசாலைக் கட்டணத்தையும் கடன் தவணையையும் கூட்டுங்கள். அந்தத் தொகை வீட்டு வருமானத்தின் பாதியைத் தாண்டினால், அந்த வீடு நமக்குரியதல்ல. காணி உறுதியில் கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை வீட்டிலுள்ள பெண்களோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஏனெனில் அந்தப் பில்களை மாதா மாதம் சுமக்கப் போவது அவர்களும்தான்.