கனிகளைக் காத்திருக்கச் செய்வது எப்படி?

விளைவிக்கும் தொழிலில் நம் உழவர் பெருமக்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவது குறைவே. விளைந்ததைக் காக்கும் தொழிலிலோ நாம் கவனம் செலுத்த வேண்டுவது மிகுதியாக உள்ளது. கனி வகைகளில் இக்குறை பெருநட்டமாக முடிகிறது.

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோரும், கார்த்திகைத் தீபங் காண வருவோரும் இலட்சக்கணக்கினர். அந்நாட்களில் வாழைப்பழத்தின் தேவை பெருகும். ஆயினும் கனி திதி பார்த்துப் பழுப்பதில்லை. பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்னரே தார் பழுத்துவிடின், கேட்ட விலைக்குக் கொடுப்பதன்றி உழவருக்கு வேறு வழி இல்லை. சவ்வாது மலையின் சீத்தாப்பழமோ பழுத்தபின் இரண்டொரு நாளே தாங்கும். பொருள் காத்திராது என்பதை வாங்குபவர் அறிவார். அதனாலேயே விலையை அவர் முடிவு செய்கிறார்.

மரத்தினின்று பறித்த பின்னரும் கனி உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கிறது, தன்னுள் சேர்த்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகிறது, வெப்பத்தை வெளியிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு முதல் மும்மடங்கு வரை கூடும். இதனோடு எத்திலீன் என்னும் வாயுவும் கனியிலிருந்து தோன்றிப் பழுத்தலைத் தூண்டுகிறது. பழுக்கும் ஆப்பிள் தானே இவ்வாயுவை வெளியிடுகின்றது என்பதை 1934இல் இங்கிலாந்தில் கேன் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார். நம் வீடுகளில் மாங்காயை வைக்கோலில் மூடிப் பழுக்க வைப்பதன் காரணமும் இதுவே. வாயுவும் வெப்பமும் சிதறாமல் உள்ளேயே நிற்கின்றன. பழுத்தலைத் தாமதப்படுத்த வேண்டின், இதற்கு மாறாகச் செய்தல் வேண்டும்.

முதலாவது, அறுவடை. முதிர்ந்து, ஆனால் பழுக்கத் தொடங்காத நிலையில், காலை வேளையில் பறித்தல் நன்று. மாங்காயைச் சிறிது காம்புடன் பறித்துப் பால் வடியவிட வேண்டும். அடிபட்ட காய் மிகுந்த வாயுவை வெளியிட்டு விரைவில் கெடும். ஆகவே உலுக்குவதும் எறிவதும் கூடா.

இரண்டாவது, நிழலும் காற்றோட்டமும். பறித்தவற்றை வெயிலில் குவித்து வைத்தலாகாது. பழுத்தவற்றையும் அடிபட்டவற்றையும் நாள்தோறும் பொறுக்கி அகற்ற வேண்டும். ஒரு பழுத்த பழம் கூடை முழுவதையும் பழுக்கச் செய்யும்.

மூன்றாவது, மின்சாரம் வேண்டாத குளிர்ப்பெட்டி. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறை இது. நிழலான இடத்தில் செங்கல் தளம் பரப்பி, ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பி, அவ்விடைவெளியில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் மணலையும் சுவரையும் நீரால் நனைத்து, மூங்கிற் சட்டத்தில் கோணி அல்லது வைக்கோல் கட்டிய மூடியால் மூட வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால், வறண்ட கோடையில் உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை வெப்பம் குறையும். ஏறத்தாழ 100 கிலோ கொள்ளும் பெட்டியை உள்ளூர்க் கொத்தனாரே கட்டிவிடலாம். காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் இதன் பயன் குறையும். கார்த்திகை மாதத்தில் நிழலையும் காற்றோட்டத்தையுமே பெரிதும் நம்ப வேண்டும்.

குளிர்பதனக் கிடங்கை நாடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. வாழையை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, பின்னர்ச் செவ்வனே பழுக்காது. மாங்காய்க்கும் இத்தகைய எல்லை உண்டு. மிகுந்த குளிர் மிகுந்த பாதுகாப்பன்று.

நான்காவது, அறிவியல் தந்த புதுவழி. கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தாருடன் 2012 முதல் ஹெக்சனால் என்னும் பொருளை ஆராய்ந்தனர். இது செடிகளில் இயற்கையாகவே உள்ளது. நறுக்கிய புல்லின் மணத்தில் இதற்கும் பங்குண்டு. கனியின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. அறுவடைக்கு முன் இக்கலவையைத் தெளித்தபோது, மாங்கனிகள் மரத்திலேயே மூன்று வாரம் வரை கூடுதலாக நின்றன. இதனைப் பயன்படுத்த விழைவோர் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கலந்தே செய்தல் வேண்டும்.

காத்த காயை இறுதியில் பழுக்க வைக்கக் கார்பைடுக் கல்லைப் பயன்படுத்துதல் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டதாகும். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கக்கூடும். முறையான அறைகளில் வரையறுத்த அளவில் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி உண்டு.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. காய்கள் வண்டியேறும் இடத்தில் நிழற்கொட்டகையும், அதனருகே இரண்டு மூன்று செங்கற் பெட்டிகளும் அமைத்து, நீர் ஊற்றும் பொறுப்பை ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் ஒப்படைக்கலாம். முதலில் ஒரு பெட்டி கட்டி, ஒரே தாரின் சீப்புகளில் பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்து, ஊரார் கண்முன் ஒப்பிட்டுக் காட்டுவது நன்று. நான்கு நாள் பொறுத்திருக்க முடிந்த உழவரே சந்தையில் தம் பொருளுக்குத் தாமே விலை கூறுபவராவார்.