தட்டில் மீந்த கஞ்சி

காசநோயாளிக்கு மருந்து மட்டும் போதுமா, உணவும் வேண்டுமா? நம் சென்னை, சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், ஒரு சாரார் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மறு சாரார் தம் ஏழைக் குடில்களிலேயே மருந்துண்டனர். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். மருந்தின் வலிமை விளங்கிற்று.

ஆயினும் உணவு வீண் எனக் கொள்ளலாகாது. அதே ஆய்வு நிலையம் பங்குகொண்டு ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தந்தபோது, அவர்களுள் புதிதாய் நோய் கண்டோர் 39 விழுக்காடு குறைந்தனர். முதல் இரு மாதங்களில் எடை கூடிய நோயாளரிடையே மரணமும் குறைவாயிருந்தது.

இங்கேதான் செவிலியரின் கண் தேவைப்படுகிறது. உணவுமுறையை வகுப்பவர் மருத்துவர். தட்டில் மீந்த கஞ்சியைக் காண்பவர் செவிலியரே. நோயாளி எவ்வளவு உண்டார் என்று கவனிப்பது செவிலியர் கடமை என 1859இலேயே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எழுதினார்.

மயிலையிலோ அடையாற்றிலோ நம் இல்லத்தார் மருத்துவமனையில் படுத்திருந்தால், செவிலியர் கேட்கும்போது, 'சாப்பிட்டார்' என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். எவ்வளவு உண்டார், எதை ஒதுக்கினார், ஏன் ஒதுக்கினார் என்பதையும் சொல்வோம். அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.