தண்ணீர்மலையும் நம் பினாங்கு மாநகரும்

தைப்பூசம் என்றதும் பினாங்குவாழ் இந்துப் பெருமக்களின் நெஞ்சில் தோன்றுவது தண்ணீர்மலை. முருகப்பெருமான் குடிகொண்ட குன்றுக்கு இப்பெயர் ஏன் வந்தது என்று இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. விடை கூறப் புகுந்தால் இவ்வூரின் வரலாற்றையே கூற வேண்டியிருக்கிறது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். கடல்முனையில் ஜார்ஜ்டவுன் எழுந்தது. சுற்றிலும் கடல் இருந்தென்ன, குடிக்க நன்னீர் வேண்டுமல்லவா? அதனைத் தந்தது மலையருவியே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாய்க்கால் வெட்டி அருவிநீரை நகருக்குக் கொணர்ந்தனர். துறைமுகம் வந்த கப்பல்களும் அந்நீரையே நிரப்பிச் சென்றன. அருவியை அடுத்த மலை, நம்மவர் வாயில் தண்ணீர்மலை ஆயிற்று.

அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரிலும் படகு செலுத்தியோரிலும் தமிழர் பலர். தண்டல் என்னும் தலைவரின் கீழ்க் கூட்டங்களாக அவர்கள் உழைத்தனர். அவர்கள் வழிபட்ட குயின் தெரு மகாமாரியம்மன் சன்னிதி, 1833இல் ஆலயமாக உயர்ந்தது. மாரி என்றால் மழை. வானம் பார்த்த பூமியில் மழைக்கு வேண்டிய அன்னையை, மழைக்குக் குறைவில்லாத இத்தீவிலும் அவர்கள் மறக்கவில்லை.

மேற்கே சுமத்திராவும் கிழக்கே தீபகற்பத்தின் மலைத்தொடரும் இரு பருவக்காற்றுகளின் வேகத்தையும் தணிக்கின்றன. ஆகவே, காற்று மாறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் இங்கு மழை மிகுதி.

1894 முதல் செட்டியார் சமூகத்தாரின் வெள்ளி இரதம் நகரிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்கிறது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதமும் செல்கிறது. மலையிலிருந்து நகருக்கு நீர் வந்தது. நகரிலிருந்து மலைக்கு நன்றி செல்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இன்று தீவின் குடிநீரில் பெரும்பகுதி, கடலடிக் குழாய்கள் வழியே, பெருநிலத்து மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதனால் மலையை மறந்துவிடலாகாது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் 7 பேர் உயிரிழந்தனர். சரிவுகள் இடிந்தன; தெருக்கள் ஆறாயின. மரமடர்ந்த மலை மழையைத் தாங்கிச் சிறுகச் சிறுக விடும். மரமிழந்த சரிவோ மண்ணையும் சேர்த்துக் கீழே அனுப்பும்.

ஆகவே அன்பர்களே, மலைச்சரிவைக் காப்பதும் இறைபணியே. காவடி ஏந்தி வருவோரும் தேங்காய் உடைப்போரும் நெகிழிப் பைகளையும் தேங்காய்ச் சில்லுகளையும் கால்வாயில் விடாதிருத்தல் வேண்டும். ஓடை அடைபட்டால் வெள்ளம் நம் வீட்டு வாசலுக்கே வரும். நீர் தந்த மலைக்கு நாம் செய்யும் கைம்மாறு, அதன் நீர்வழியைத் தூய்மையாக வைத்திருப்பதே.

தண்டாயுதபாணியின் திருவருள் யாவரையும் காப்பதாக!